காணாமல் போன இரண்டு ஏக்கர் பாறை

தனக்குக் கொடுத்த நிலத்தில் மண் இல்லை என்று இருளாயி மனு போட்டபோது, மண் கொடுப்பதாகத் திட்டத்தில் எங்கும் சொல்லப்படவில்லை என்று பதில் வந்தது. பதில் சரியானதுதான். நிலமற்ற பெண்களுக்கு இரண்டு ஏக்கர் தரிசு என்றுதான் திட்டம். நெடும்பாறைப்பட்டியில் தரிசாகக் கிடந்தவற்றில் மண் இருந்ததையெல்லாம் தலைவர் துரைச்சிங்கம் ஏற்கனவே தன் வேலிக்குள் எடுத்துக்கொண்டிருந்தார். மிச்சம் இருந்தது ஊருக்குக் கிழக்கே யானை படுத்த மாதிரி கிடந்த பாறை. சர்வேயர் வந்து அதில் துளை போட்டு நான்கு மூலையிலும் எல்லைக்கல் நட்டார். இருளாயியை நடுவில் நிற்கவைத்துக் கைதட்டினார்கள். கால் சுட்டதால் அவள் சீக்கிரம் இறங்கிவிட்டாள்.

துரைச்சிங்கம் தலைவர் அல்ல, தலைவரின் கணவர். பெண்களுக்கு ஒதுக்கிய இடம் என்பதால் அவர் மனைவி தேர்தலில் நின்று ஜெயித்து, வெற்றிச் சான்றிதழை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனவர், அதற்குப் பிறகு ஊர்ப் பார்வையில் படவில்லை. தலைவர் என்றால் ஊருக்குத் துரைச்சிங்கம்தான். தன் பெயரைக் கருங்கல்லில் பார்ப்பதில் அவருக்கு ஒரு பிரியம் இருந்தது. தண்ணீர் வராத தொட்டியிலும், பஸ் நிற்காத நிழற்குடையிலும், சுற்றுச்சுவர் மட்டும் எழும்பிய நூலகத்திலும் அவர் பெயர் பொன்னிற எழுத்தில் மின்னியது. நிலத்தை விரிப்பதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. எல்லைக்கல்லைப் பிடுங்கிவிடுவது. கல் இல்லாத இடத்தில் யார் பெரியவரோ அவர் நிலம் என்பது அவர் அப்பா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்தின் விவசாயம்.

இருளாயிக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து துரைச்சிங்கத்தின் பருத்திக் காட்டில் களை எடுப்பவள். பட்டாவைச் சட்டம் போட்டுச் சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினாள். அன்றிலிருந்து அவள் புருஷன் சோணை அவளை ஜமீந்தாரம்மா என்று கூப்பிட்டான். பட்டாவில் ஒரு நிபந்தனை இருந்தது. மூன்று வருடத்துக்குள் நிலத்தைச் சாகுபடிக்குக் கொண்டுவரவேண்டும், இல்லாவிட்டால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும். அந்த மூன்று வருடம் கழிவதற்காக துரைச்சிங்கமும் பொறுமையாகக் காத்திருந்தார். பாறை திரும்பி வந்ததும் ஜல்லி உடைக்கும் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடுவதாக அவர் பேசி முடித்திருந்தார்.

மூன்றாவது வருடம் சித்திரை முதல் தேதி, வருடத்தின் முதல் உழவாக ஊர் பொன்னேர் பூட்டியது. அந்த ஊரில் நிலம் உள்ளவர் அன்று ஏரோடு வரவேண்டும்; வராதவரை அந்த வருடத்துக்கு நிலம் இல்லாதவராக ஊர் எடுத்துக்கொள்ளும். மாடுகளுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவில் துரைச்சிங்கம் சத்தமாகக் கேட்டார்.

"ஏத்தா இருளாயி, பட்டாக்காரி ஆயிட்டியே. ஏரு எங்க?"

கூட்டம் சிரித்தது. இருளாயியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போய், பக்கத்து வீட்டு மாட்டையும் யாரோ பரணில் போட்டிருந்த மர ஏரையும் கேட்டு வாங்கிக்கொண்டு நேராகப் பாறைக்குப் போனாள். ஏரின் இரும்புக் கொழு பாறையில் உரசிக் கிறீச்சிட்டது, தீப்பொறி பறந்தது, மாடுகள் குளம்பு வழுக்கி ஒன்றையொன்று முறைத்துக்கொண்டன. வழக்கப்படி மூன்று சுற்று ஓட்டினாள். வழக்கப்படி ஒரு கை நவதானியம் இறைத்தாள், அது உருண்டு உருண்டு பள்ளத்துக்குப் போனது. சாகுபடிக்குச் சான்று தேவைப்பட்ட வி.ஏ.ஓ. செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, முகத்தைக் கொஞ்சம் இப்படித் திருப்பும்மா என்றார். பிறகு அவள், ஊரில் எல்லோரும் உழுது முடித்துச் சொல்வதைப் போல, வானத்தை அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்.

"ஏரு கட்டியாச்சு. இனி உன் பாடு."

மறுநாளிலிருந்து பாறைக்குத் தனியாக வானிலை வந்தது.

முதலில் வெயில். ஊரில் வழக்கமான சித்திரை வெயில் அடித்துக்கொண்டிருக்க, நான்கு எல்லைக்கல்லுக்குள் மட்டும் எங்கோ ஒரு பாலைவனத்துக்குச் சேரவேண்டிய வெயில் அடித்தது. பொழுது சாய்ந்ததும் அதே இடத்தில் பல் கிட்டிக்கும் குளிர் இறங்கியது. பகலில் விரிந்து இரவில் சுருங்கி, பகலில் விரிந்து இரவில் சுருங்கி, பாறை அலுத்துப்போய் வெங்காயம் மாதிரித் தோல் தோலாக உரிந்தது. உரியும்போது வெடிபோட்ட சத்தம் வரும். ஆரம்பத்தில் ஊர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தது, பிறகு சத்தம் கேட்காவிட்டால் தூக்கம் வரவில்லை என்றது. பெண்கள் மிளகாயும் கூழ்வற்றலும் கொண்டுவந்து எல்லைக்குள் பரப்பினார்கள். பரப்பி நிமிர்வதற்குள் காய்ந்துவிடுவதால் அப்படியே அள்ளிக்கொண்டு போனார்கள். உரிந்த கல்தோலை ஆளுக்கொன்றாகத் தூக்கிப்போய்த் துவைக்கிற கல்லாகப் போட்டுக்கொண்டார்கள். சோணையும் ஒன்றைச் சுமந்துவந்து குடிசை வாசலில் போட்டு, ஜமீனுக்குப் படி இல்லாமல் இருக்கலாமா என்றான்.

இருளாயிக்கு இதில் ஒன்றுதான் தெரியவேண்டியிருந்தது. தோல் உரிந்த இடத்தைக் குனிந்து தடவிப் பார்ப்பாள். அடியிலும் பாறைதான் இருந்தது.

ஆடியில் உறைபனி வந்தது. பகலில் உருகி விரிசலுக்குள் இறங்கும் நீர் இரவில் ஐஸாகிப் பருத்து, ஆப்பு அடித்த மாதிரிப் பாறையைப் பிளந்தது. சர்பத் கடைக்காரர் ஐஸ் வண்டிக்குக் காத்திருப்பதை விட்டுவிட்டு வாளியோடு பாறைக்கு வந்தார். ஊரே எல்லையை ஒட்டிக் கயிற்றுக்கட்டில்களைப் போட்டு, உடம்பை ஆடி வெக்கையிலும் கால்களைப் பனியிலும் வைத்துக்கொண்டு தூங்கியது. யார் எந்தப் பக்கம் கட்டில் போடுவது என்பதில் மட்டும் ஒரு சண்டை வந்தது. ஊருணியிலும் சுடுகாட்டிலும் என்ன பிரிவு இருந்ததோ அதையே குளிருக்கும் வைத்துக்கொள்வது என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடித்தார்கள். பேசி முடித்தபோது இருளாயியின் தெருவுக்கு எந்தப் பக்கமும் மிஞ்சவில்லை. தன் நிலத்தின் ஓரத்தில் கால் நீட்ட இடமில்லாமல் அவள் வீட்டில் விசிறியோடு படுத்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஊருக்கு இல்லை, பாறைக்கு. மேற்கே மலைக்காட்டில் பெய்கிற மாதிரி வெதுவெதுப்பான தூறல் விடியலில் தொடங்கி விடியும்வரை பெய்தது. எல்லைக்கல்லின் ஒரு பாதியில் பாசி படர்ந்தது, மறுபாதியில் வெயில் அடித்தது. பெண்கள் எல்லைக்கு வெளியே காய்ந்த தரையில் நின்று, குடத்தை மட்டும் உள்ளே நீட்டிப் பிடித்துத் தண்ணீர் எடுத்தார்கள். துரைச்சிங்கம் மழையைத் திறந்துவைத்தார். ரிப்பன் கட்டி, நாதஸ்வரம் வைத்து, ‘தலைவர் துரைச்சிங்கம் அவர்களின் சீரிய முயற்சியால் கொண்டுவரப்பட்ட மழை' என்று பொறித்த கருங்கல் பலகையை, படத்தில் மழையும் சேர்ந்து விழவேண்டும் என்பதற்காக எல்லைக்கு உள்ளே நட்டார்கள்.

பொங்கலுக்கு முன்னால் பலகையில் ‘மழை' மட்டும் மிஞ்சியிருந்தது. துரைச்சிங்கம் இரண்டடி கனத்தில் இன்னொரு பலகை நட்டார். அது மாசி மாதத்தில் கையால் தொட்டால் உதிர்ந்தது. கல்பட்டறைக்காரன் மட்டமான கல்லைக் கொடுத்து ஏமாற்றிவிட்டான் என்று அவர் ஆள் அனுப்பி அவனை மிரட்டினார்.

செய்தி கேள்விப்பட்டு டவுன் கல்லூரியிலிருந்து ஒரு விரிவுரையாளர் குடையும் சுத்தியலுமாக வந்தார். பாறையிலுள்ள வெள்ளை மணிகள் களிமண் ஆகின்றன, கண்ணாடி மணிகள் மணலாக உதிர்கின்றன, கறுப்புச் செதில்கள் துருப்பிடித்து எல்லாவற்றுக்கும் சிவப்பு நிறம் கொடுக்கின்றன என்றார். நம் ஊர் மாதிரி வறண்ட சீமையில் பாறை மெதுவாகத்தான் தேயும், வெக்கையும் ஈரமும் ஒன்றுசேர்ந்த இடத்தில்தான் வேகமாக மண்ணாகும் என்றார். அப்படியும் இதற்குப் பல ஆயிரம் வருடம் ஆகவேண்டும் என்றபோது அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. அதைக் கேட்ட வி.ஏ.ஓ., தான் பதினெட்டு வருடமாகத் தாலுகா ஆபீசில் பார்த்துவந்ததை வைத்து, இங்கே ஒரு காரியம் ஒரே வருடத்தில் முடிந்ததாகத் தெரிந்தால் ஆடிட் ஆட்சேபணை வரும் என்று கவலைப்பட்டார். சாருக்கு ஒரு சர்பத் சொல்லு என்றார் யாரோ.

மறுபடி சித்திரை வந்தபோது பாறை இல்லை. அங்கே முழங்கால் ஆழத்துக்குச் செம்மண் கிடந்தது. முதலில் பாசி, அப்புறம் புல், அப்புறம் மண்புழு என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்திருந்தன. ஒரு கை அள்ளி மூக்கருகில் வைத்துப் பார்த்த இருளாயி, வீட்டுக்குப் போய்ச் சோணையைக் கையைப் பிடித்து இழுத்துவந்து முகர்ந்து பார்க்கச் சொன்னாள். ஜமீந்தாரம்மா என்று சொல்ல வாயெடுத்தவன் சொல்லவில்லை. அன்று இருவரும் நிலக்கடலை விதைத்தார்கள்.

அன்றுதான் ஊருக்கு அந்த நிலம் கண்ணில் பட்டது. இத்தனை நல்ல மண்ணை ஒருத்திக்கு எப்படித் தூக்கிக் கொடுத்தார்கள் என்று டீக்கடையில் கேட்டுக்கொண்டார்கள். போன வருடம் சிரித்த அதே வாய்கள்தான். துரைச்சிங்கம் ஜல்லிக் கம்பெனிக்காரரைச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டு ஒரு மனு எழுதினார்.

வருடத்துக்கு ஒருமுறை வைகாசியில், தாலுகா ஆபீசில் பந்தல் போட்டுக் கிராமக் கணக்குகளைச் சரிபார்த்து மனு வாங்குவார்கள். ஜமாபந்தி என்று பெயர். தாசில்தார் துரைச்சிங்கத்தின் மனுவைப் படித்தார். கணக்கில் இருப்பது பாறை. பட்டா கொடுத்தது பாறைக்கு. இப்போது அந்த இடத்தில் பாறை இல்லை. எனில் பயனாளி அரசாங்கப் பாறையை என்ன செய்தார் என்று விசாரிக்கவேண்டும் என்று மனு கேட்டது. கேட்ட விதத்தில் ஒரு குற்றமும் சொல்லமுடியாது.

"ஏம்மா, உன்கிட்ட ஒப்படைச்ச பாறை எங்க?" என்றார் தாசில்தார்.

"மழை தின்னுருச்சு சார்."

"மழை மேல நான் எப்படிம்மா நடவடிக்கை எடுக்கிறது? பட்டா உன் பேர்லதான் இருக்கு."

சாகுபடி செய்யச் சொன்னீங்களே, செஞ்சிருக்கேன், வி.ஏ.ஓ. படம்கூட எடுத்தாரே என்று அவள் சொன்னாள். வி.ஏ.ஓ. பந்தல் கம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாகுபடி செய்யச் சொன்னது பாறையில், பாறையைச் சாகுபடி செய்யச் சொல்லவில்லை என்று தாசில்தார் விளக்கினார். கணக்கை நிலத்துக்கு ஏற்ப மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை, நிலத்தைக் கணக்குக்கு ஏற்ப மாற்றச் சொல்ல அதிகாரம் இருந்தது. அடுத்த ஜமாபந்திக்குள் இருளாயி பாறையைத் திரும்ப ஒப்படைக்கவேண்டும், தவறினால் வெளியேற்றப்படுவாள், அந்த இடத்தில் உபரியாகச் சேர்ந்திருக்கும் மண் ஊராட்சியின் பொறுப்பில் விடப்படும். ஊராட்சியின் பொறுப்பு என்பது யார் பொறுப்பு என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து சோணை அந்தக் கல்தோல் படியைக் காட்டி, இதை வேணும்னா பெயர்த்துக் கொடுப்போமா என்றான். அவள் காட்டைப் பார்க்கப் போனாள். கடலை அப்போதுதான் பூ வைத்திருந்தது.

துரைச்சிங்கத்தால் அடுத்த ஜமாபந்திவரை காத்திருக்க முடியவில்லை. கல் பிடுங்கிப் பழகிய கை. ஆடி மாதம் ஒரு காலை, ஊர் பார்க்க, இரண்டு ஆட்களையும் கடப்பாரையையும் கூட்டிவந்து, பாதி முகத்தில் பாசி படிந்த அந்த நான்கு எல்லைக்கற்களையும் பிடுங்கினார். இனி இது என் பருத்திக் காட்டின் தொடர்ச்சி என்று வேலிக்கு முள் வெட்டச் சொன்னார். இருளாயி குறுக்கே வந்து நின்றாள்.

"ஐயா, கல்லுதானய்யா மழைக்கு அளவு. அதைப் பிடுங்கிட்டா அது எதைப் பாத்து நிக்கும்?"

"நீ மொதல்ல எதைப் பாத்து நிக்கிறேன்னு பாரு" என்றார் அவர்.

எல்லைக்குள்ளேயே ஒன்பது மாதமாக ஒழுங்காகப் பெய்துகொண்டிருந்த தூறல், மறுநாள் கொஞ்ச நேரம் தயங்குவது போலத் தெரிந்தது. பிறகு ஒரு ஓரத்திலிருந்து பருத்திக் காட்டுக்குள் நடந்தது. காட்டைத் தாண்டி ஊருக்குள் வந்தது. பகலில் பாலைவனத்தின் வெயிலும், இரவில் பனியும், இரண்டுக்கும் நடுவில் வெதுவெதுப்பான மழையுமாக, பாறைக்கு மாதம் மாதமாக வந்தது ஊருக்கு வேளை வேளையாக வந்தது. ஊர் அதற்கும் பழகியது. பெண்கள் காலையில் வற்றல் போட்டு, மதியம் துணி துவைத்து, இரவு கம்பளி போர்த்தினார்கள். மண் சுவரும் ஓலையும் தகரமுமான வீடுகளை இந்த வானிலை ஒன்றும் செய்யவில்லை. கல்லை மட்டும் அது விடவில்லை. துவைக்கிற கற்களும் சோணையின் படியும் மாவாகிப்போயின. தண்ணீர்த் தொட்டியின் பலகை உதிர்ந்தது, நிழற்குடையின் பலகை உதிர்ந்தது, நூலகத்தின் பலகை உதிர்ந்த இடத்தில் ஒரு பூசணி முளைத்தது. துரைச்சிங்கத்தின் பெயர் ஊரெங்கும் நல்ல எருவாகிக்கொண்டிருந்தது. அஸ்திவாரத்திலிருந்து தூண்வரை கருங்கல்லில் கட்டிய அவருடைய வீடு, சுற்று வட்டாரத்தில் வேறு யாருக்கும் இல்லாத வீடு, முதலில் பளபளப்பை இழந்தது, பிறகு தோல் உரிந்தது, பிறகு ஒரு தை மாதக் காலையில் மெத்தென்று தரையில் அமர்ந்தது. யாருக்கும் அடிபடவில்லை. பல வருடம் கழித்துத் தலைவர், அதாவது அவர் மனைவி, வாசல் வழியாக இல்லாமல் சுவர் இருந்த இடம் வழியாக வெளியே வந்து, ஊரைப் பார்த்து, இவ்வளவு பேரா இருக்கீங்க என்று கேட்டார்.

எல்லைக்கற்களும் கருங்கல்தான். ஊரில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

சித்திரை முதல் தேதி பொன்னேருக்கு எல்லோரும் ஏரோடு வந்தார்கள். கல் இல்லையே, யார் நிலம் எங்கே என்று சர்வேயர் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, ஆட்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போய் அவரவர் நிலத்தில் இறங்கினார்கள். வருடக் கணக்காக நடந்த காலுக்கு இடம் தெரியும். துரைச்சிங்கம் மட்டும் வரப்பில் நின்றார். தன் நிலத்தில் அவர் ஒருநாளும் இறங்கியதில்லை, கல்லை வைத்துத்தான் அவருக்கு அது தெரியும், அதுவும் பிடுங்கவேண்டிய கல்லை வைத்து. தன் காட்டைக் காட்டச் சொல்லி அவர் வேலையாட்களைக் கேட்டார். அவர்கள் மரியாதையாகத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு யோசித்தார்கள். ஒருவர் மேற்கே கை காட்டினார். இன்னொருவர் அது இவர் சித்தப்பா காடாச்சே என்றார். மூன்றாமவர், ஐயாவுக்குக் காடு இருந்துச்சா என்று நிஜமான சந்தேகத்தோடு கேட்டார். ஊருக்கு அன்று ஒரு மறதி வந்திருந்தது, மழை மாதிரியே எல்லோர் மேலும் சமமாக இறங்கியிருந்தது. கடைசியில் அவர் இருளாயியிடம் வந்தார்.

"ஏத்தா, இருபது வருசம் களை எடுத்தவ நீ. உனக்குத் தெரியாம இருக்காது. சொல்லு."

இருளாயி நெற்றியில் கை வைத்து நாலாபுறமும் பார்த்தாள். அவளுக்கு அந்தக் காட்டின் ஒவ்வொரு உழவுச் சாலும் தெரியும். பிறகு நிறைந்து தளும்பிக்கொண்டிருந்த ஊருணியைக் காட்டினாள்.

"இங்கனதான் எங்கயோ இருந்துச்சுய்யா."

வைகாசியில் ஜமாபந்திக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். அவர் கையில் மனு இருந்தது, அவள் தலையில் துணி போட்டு மூடிய ஒரு கூடை இருந்தது. அவளைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். பாறை எங்கே என்றார் தாசில்தார். அவள் கூடையை இறக்கி, துணியை எடுத்து, செம்மண்ணை அவர் மேஜையில் கொட்டினாள். ஒரு மண்புழு நெளிந்து பேனா ஸ்டாண்டுக்குப் பின்னால் போனது.

"பாறையைக் கொண்டாந்துருக்கேன் சார். உதிரியா இருக்கு. மிச்சம் அங்கன கெடக்கு, வந்து சரிபாத்துக்கங்க. இனி உங்க பாடு."

தாசில்தார் அவளை வெளியேற்றச் சர்வேயருக்கு உத்தரவு போட முனைந்தார். எங்கேயிருந்து வெளியேற்றுவது என்று சர்வேயர் கேட்டார். எல்லைக்கல் இல்லாமல் அவள் நிலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லமுடியாது, தொடங்குவதும் முடிவதும் தெரியாத இடத்திலிருந்து ஒருவரை வெளியேற்றினால் அவர் எங்கே நிற்பார் என்றும் சொல்லமுடியாது. கற்கள் எங்கே என்று கேட்டதற்கு, சர்வேயர் துரைச்சிங்கத்தைப் பார்த்தார். துரைச்சிங்கம் மண்புழுவைப் பார்த்தார். நிலம் அடையாளம் காண இயலாததால் மேல்நடவடிக்கை கைவிடப்பட்டது என்று தாசில்தார் எழுதிக் கையெழுத்துப் போட்டார். காலிக் கூடையை எடுத்துக்கொண்டு இருளாயி கடலைக்குக் களை எடுக்கப் போய்விட்டாள்.

அடுத்து துரைச்சிங்கத்தின் மனு. வீடும் நிலமும் இல்லாத தனக்கு, தலைவரான தன் மனைவியின் பெயரில், நிலமற்ற பெண்களுக்கான திட்டத்தின் கீழ் இரண்டு ஏக்கர் ஒதுக்கவேண்டும் என்று அவர் தாழ்மையுடன் கேட்டிருந்தார். ஈரம் பட்டு மேஜையின் ஓரத்தில் மண் கறுத்துக்கொண்டு வந்தது. பந்தலுக்கு மேலே தூறல் ஆரம்பித்திருந்தது, அந்தக் காலத்தில் வெள்ளைக்காரன் கட்டிய ஆபீசின் கருங்கல் படிகள் மெதுவாக நனைந்தன. தாசில்தார் நாற்காலியைக் கொஞ்சம் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு மனுவின் ஓரத்தில் பதில் எழுதினார். நெடும்பாறைப்பட்டியில் ஒதுக்குவதற்குப் பாறை ஏதும் மிச்சமில்லை, அங்கே இருப்பது மண் மட்டுமே, மண் கொடுப்பதாகத் திட்டத்தில் எங்கும் சொல்லப்படவில்லை.